தண்ணீர் குடிக்கப் பயந்த நாட்கள்

சிறுநீர் வர மறுத்ததில்தான் என் நோய் தெரிய வந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு அதே சிறுநீர் நிற்க மறுத்தது. நடுவில் இருந்த பயத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன், இதே வரிசையில் காத்திருப்பவர்களுக்காக.

நான் மலேசியாவில், ஜொகூர் மாநிலத்துச் சிம்பாங் ரெங்கத்துக்காரன். தினமும் தொழிற்சாலை பஸ்ஸில் ஜொகூர் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வந்தவன். சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் போனபோது வயதாகிவிட்டது என்று விட்டுவிட்டேன். மனைவி சரசுதான் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனாள். ரத்தம் எடுத்தார்கள். அப்புறம் பயாப்ஸி (ஊசியால் சதைத்துணுக்கு எடுத்துச் சோதிப்பது). புராஸ்டேட் (சிறுநீர்ப்பைக்குக் கீழே ஆண்களுக்கு உள்ள சுரப்பி) புற்றுநோய். சுரப்பியை முழுதாக எடுத்துவிட்டார்கள்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். டாக்டர் எங்கள் ஜொகூரிலேயே பொந்தியான் ஊர்க்காரப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும். எடுத்த சதையின் அறிக்கையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அங்கிள், வெட்டி எடுத்த ஓரத்துல ஒரு இடத்துல கேன்சர் செல் இருக்கு. உள்ள மிச்சம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். புண்ணு ஆறட்டும், பி.எஸ்.ஏ. பாப்போம்.”

பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் சுரப்பி ரத்தத்தில் விடும் ஒரு புரதம். சுரப்பியே இல்லாதவனுக்கு அது இருக்கக் கூடாது. இருந்தால் நோய் எங்கோ மிச்சம் என்று பொருள், கதிர்வீச்சுக்குப் போக வேண்டும். நான் பயந்தது அந்த ஒரு சோதனைக்குத்தான்.

கதீட்டரை (சிறுநீர் வெளியேற வைத்திருந்த குழாய்) எடுத்த அன்றே ஒழுக ஆரம்பித்தது. தும்மினால் ஒழுகும். நாற்காலியிலிருந்து எழுந்தால் ஒழுகும். பெரியவர்களுக்கான பேட் வைத்துக்கொண்டு நடமாடினேன். சொந்த வீட்டு சோபாவில் உட்காரவே கூச்சமாக இருந்தது.

பாலம் தாண்டுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. காலையில் தண்ணீர் குடிக்க மாட்டோம். நெரிசலில் பஸ் நின்றால் நின்றதுதான், இறங்கி ஓட இடம் கிடையாது. ஒரு வாய் காப்பியோடு ஏறிவிடுவோம். பல வருடம் இப்படியே இருந்து, இதைப் பெரிய சாமர்த்தியம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சாமர்த்தியத்தை வீட்டிலும் காட்டினேன். சரசு பாட்டிலில் தண்ணீர் நிரப்பி வைப்பாள், நான் உதட்டை நனைத்துக்கொள்வேன். பேட் கொஞ்சம் காய்ந்திருந்தால் எனக்குள் ஒரு வெற்றிச் சிரிப்பு.

ஒரு வாரம் தாங்கவில்லை. முதலில் எரிச்சல், பிறகு குளிர் காய்ச்சல். சிறுநீர் தேயிலைச் சாயம் போல வந்தது, ஒரு மத்தியானம் ரத்தக்கட்டியோடு அடைத்துக்கொண்டது. சரசு கார் ஓட்டினாள். பின் சீட்டில் படுத்தபடி, மிச்சம் இருந்த புற்றுநோய் வளர்ந்துவிட்டது என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

மருத்துவமனையில் மறுபடி குழாய் போட்டு அடைப்பை எடுத்தார்கள். வலி அடங்கிய பிறகு டாக்டர் கேட்டார்: “தண்ணி எவ்ளோ குடிக்கிறீங்க அங்கிள்?”

நான் யோசிப்பதற்குள் சரசு சொன்னாள்: “பாலத்துக்குப் போற நாள் மாதிரியேதான் குடிக்கிறாரு டாக்டர். சொன்னா கேட்டாத்தானே.”

டாக்டர் சிரிக்கவில்லை. “எங்கப்பாவும் சிங்கப்பூர் வேலைதான். இதே கதைதான். தண்ணி குறைஞ்சா யூரின் கெட்டியாகும், மூத்திரப் பைக்கு எரிச்சலாகும், இன்னும் அவசரமா வரும். இப்போ தொற்று வேற. இது ஆறுன பிறகுதான் பி.எஸ்.ஏ. எடுக்க முடியும்.”

என் வேண்டாத கெட்டிக்காரத்தனத்தால் காத்திருப்பு இன்னும் நீண்டது. என் மேலேயே எனக்கு அப்படி ஓர் ஆத்திரம் வந்தது. உங்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இதுதான்: ஒழுகட்டும், பரவாயில்லை, டாக்டர் சொன்ன அளவுக்குத் தண்ணீர் குடியுங்கள். இடுப்புத்தளத் தசைப் பயிற்சியை (சிறுநீரை அடக்குவதுபோல் தசையை இறுக்கித் தளர்த்துவது) விடாமல் செய்யுங்கள். பலன் மெதுவாகத்தான் வரும்.

குழாய் போய், காய்ச்சல் விட்டு, ஒருவழியாக ரத்தம் எடுத்தார்கள். முடிவு சொல்லும் நாளில் நடைபாதை நாற்காலியில் சரசு கைப்பை வாரை முறுக்கிக்கொண்டே இருந்தாள். என் பெயரைக் கூப்பிட்டதும் இருவரும் உள்ளே போனோம்.

டாக்டர் கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். “அளக்க முடியாத அளவுக்குக் கம்மியா இருக்கு அங்கிள்.”

“அப்படின்னா நோய் போயிருச்சுங்களா?” என்று கேட்டேன்.

“இன்னிக்கு அதோட அடையாளம் எதுவும் தெரியல. மூணு மாசம் கழிச்சு மறுபடி பாப்போம்.”

நான் அழுதேன். அடிவயிறு குலுங்க அழுததில் கட்டுப்பாடு மொத்தமும் போய், பேட் தாங்காமல் கால்சட்டை நனைந்தது. முன்பென்றால் வெட்கத்தில் அந்த இடத்திலேயே செத்திருப்பேன். சரசு பார்த்துவிட்டுத் தன் துப்பட்டாவை எடுத்து என் மடியில் போட்டாள். நான் எழுந்து ஓடவில்லை.

முன்பெல்லாம் வேலை ஓய்வு, வீட்டுக்கடன், பேரப்பிள்ளை என்று வருடக் கணக்கில் யோசிப்பேன். அன்று எனக்கு அடுத்த சோதனை வரை மூன்று மாதம் கொடுத்தார்கள். நனைந்த கால்சட்டையோடு உட்கார்ந்தபடியே அதை வாங்கிக்கொண்டேன்.