அவர் செய்து கொடுத்த கைக்கணினி

தேயிலை விலை விழுந்துபோயிருந்த அந்த வருடங்களில் நாங்கள் ஜெகதளாவில் குடியிருந்தோம். சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கித் தூளாக்கும் ஒரு ஃபேக்டரியில் என் கணவர் இலையைக் காயவைக்கும் டிரையர் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் குன்னூரில் ஒரு சர்ச் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். கல்யாணமாகி இரண்டாவது வருடம் ஃபேக்டரியை மூடிவிட்டார்கள். அப்போது நான் உண்டாகியிருந்தேன்.

அதற்குப் பிறகு அவர் பேச்சு குறைந்துவிட்டது. கோபமெல்லாம் இல்லை. தண்ணீர் பிடித்து வைப்பார், விறகு பிளப்பார், என் புடவையைக்கூட அலசிப் போடுவார். ஆனால் கேட்டதற்கு மட்டும்தான் பதில். சாப்பிடும்போது இரண்டு பேரும் தகரக் கூரையில் மழை விழுவதைக் கேட்டுக்கொண்டிருப்போம்.

கம்ப்யூட்டர் தெரிந்தால் கோயம்புத்தூரில் வேலை கிடைக்கும் என்று என் அண்ணன் சொன்னதால், குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே இருந்த ஒரு சென்டரில் சேர்ந்தார். ஒருநாள் மழை வலுத்துப் பள்ளியைச் சீக்கிரம் விட்டார்கள். அவரையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று அங்கே போனேன்.

அவர் படித்துக்கொண்டிருக்கவில்லை. கம்ப்யூட்டரில் ஏதோ விளையாடிக்கொண்டிருந்தார். திரையில் இடிந்த கட்டடங்கள், வெறும் மணல், நடுவில் தனியாக ஒரு ஆள் நடந்துகொண்டிருந்தான். எனக்கு நெஞ்சு கொதித்தது.

"இதுக்குத்தான் தினமும் வர்றீங்களா?"

"கிளாஸ் முடிஞ்சிருச்சு" என்றார். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காரு. இந்த இங்கிலீஷு பாதி புரியல. என்ன எழுதியிருக்குன்னு சொல்லு."

சண்டை போடுவதற்கு முன்னால் வாசித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். குண்டு போட்டு உலகமே அழிந்துவிட்டது. தப்பித்தவர்கள் பூமிக்கு அடியில் ஒளிந்து வாழ்கிறார்கள். ரொம்ப காலம் கழித்து அவர்களில் ஒருவன் வெளியே வருகிறான். இதுதான் கதை. அவன் இடது கையில், மணிக்கட்டுக்கு மேலே, பெட்டி மாதிரி ஏதோ கட்டியிருந்தான்.

"அது கையில கட்டிக்கற கம்ப்யூட்டர்" என்றார். "எங்க நிக்கறோம், எங்க போகோணும், பையில என்ன இருக்கு, உடம்புல எங்க அடிபட்டிருக்கு, எல்லாம் அதுவே காட்டிப்போடும்."

"அதுல அப்படி என்னங்க இருக்கு?"

திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "யாருகிட்டயும் வாயத் தொறந்து சொல்ல வேண்டியதில்ல பாரு."

அவர் அத்தனை பேசிக் கேட்டு மாதக்கணக்காகியிருந்தது. என் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. அதிலிருந்து பள்ளி விட்டதும் நானும் அவ்வப்போது அங்கே போய், வருகிற இங்கிலீஷையெல்லாம் அவருக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருப்பேன். அந்த விளையாட்டு பின்னால் பல பாகங்களாக வந்தது என்று கேள்விப்பட்டேன். நாங்கள் பார்த்தது அந்த ஒன்றைத்தான்.

ஒரு சனிக்கிழமை, ஃபேக்டரியில் விட்டு வந்த தன் சாமான்களை எடுத்துவரப் போனார். வரும்போது தூள் பேக் செய்கிற வெள்ளிக் காகிதத்தில் ஒரு கிழிசலும், டிரையரில் சூடு காட்டும் உடைந்த தெர்மாமீட்டர் ஒன்றின் முள் வைத்த வட்ட முகமும் கொண்டுவந்தார். வாட்ச்மேன் கொடுத்தாராம். மத்தியானம் முழுக்கச் செருப்பு டப்பாவை வெட்டி, பசை போட்டு, எதையோ செய்துகொண்டிருந்தார். பிறகு என் இடது கையைப் பிடித்து அதைக் கட்டிவிட்டார்.

அட்டையில் ஒரு ஜன்னல். தீக்குச்சியைத் திருகினால் அதற்குள் காகிதம் நகரும். முதலில் எங்கள் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வழி. அடுத்து, பிரசவத்துக்கு எடுத்துப் போக வேண்டியவற்றின் படங்கள். கடைசியாக வயிறு பெருத்த ஒரு பெண்ணின் உருவம். பக்கத்தில் தெர்மாமீட்டர் முள். அதைச் சுற்றி 'நல்லா இருக்கு', 'சுமார்', 'சரியில்லை' என்று எழுதியிருந்தார்.

"தினமும் முள்ளத் திருப்பி வை. நான் பாத்துக்கறேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே முள்ளைச் சுமாரில் வைத்தேன்.

"ஏன், என்ன பண்ணுது?"

"சாயங்காலமானா கால் வீங்குதுங்க. அப்புறம், பயமாவும் இருக்கு."

"எனக்கும்தான்" என்றார்.

நான் அதை அவிழ்த்து அவர் கையில் கட்டினேன். வேண்டாம் வேண்டாம் என்றவர், என்னைப் பார்க்காமலே முள்ளைச் 'சரியில்லை'யில் கொண்டுபோய் வைத்தார். நான் நாற்காலியை அவர் பக்கத்தில் நகர்த்திக்கொண்டேன்.

"காலைல ஃபேக்டரி சங்கு ஊதறதில்ல" என்றார். "எதுக்கு எந்திரிக்கறதுன்னே தெரிய மாட்டேங்குது." அப்புறம் அழுதார். ஃபேக்டரி மூடியதற்கு அவர் அழுதது அன்றைக்குத்தான்.

சில வாரங்களில், திருப்பூருக்குப் போயிருந்த பழைய ஃபேக்டரி ஆள் ஒருவர் சொல்லியனுப்பினார். சாயப்பட்டறை ஒன்றில் துணி காயவைக்கும் மெஷினுக்கு ஆள் வேண்டுமாம். கம்ப்யூட்டரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நான் ஏழாவது மாதத்தில் இருக்கும்போது அவர் மலை இறங்கிப் போனார். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் முடிந்து எஸ்டிடி பூத்திலிருந்து பட்டறைக்குப் போன் போட்டு அவரோடு பேசுவேன்.

"முள்ளு எங்க நிக்குது?" என்றுதான் ஆரம்பிப்பார்.

"நல்லா இருக்குங்க" என்பேன். தூரத்தில் இருக்கிறவரிடம் வேறென்ன சொல்வது. ஆனால் ஒரு ஞாயிறு என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. முகமெல்லாம் வீங்கி, தலை இடித்து, பூத்துக்காரரின் முகமே இரண்டாகத் தெரிந்தது.

"சரியில்லைங்க" என்றேன்.

"போன வெச்சுட்டு நேரா ஆஸ்பத்திரிக்குப் போ. ஊட்டுக்குப் போகாத. நான் கிளம்பறேன்."

சர்ச்சுக்கு வந்திருந்த சக டீச்சர் ஒருவர் என்னை ஜீப்பில் ஏற்றிக் கொண்டுபோனார். ரத்தக் கொதிப்பு எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. இன்னும் ஒருநாள் போயிருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டரம்மா. மறுநாள் காலையில் ஆபரேஷன் செய்து பெண்குழந்தையை எடுத்தார்கள். மாதம் நிறையாத குழந்தை. உள்ளங்கை அகலம்தான் முதுகு.

அவர் வந்து சேர மத்தியானமாகிவிட்டது. மலைப்பாதையில் பர்லியாறு பக்கம் மண் சரிந்து பஸ்ஸெல்லாம் நின்றுவிட்டதாம். சரிவைத் தாண்டி நடந்து, கீழே இறங்க முடியாமல் திரும்பிய காய்கறி லாரி ஒன்றில் ஏறி வந்திருந்தார். முழங்கால் வரை சேறு. நர்ஸம்மா உள்ளே விட மறுத்ததால் வராந்தாக் குழாயில் கால் கழுவிவிட்டு வந்தார். குழந்தையைத் தொடப் பயந்து, என் நெற்றியில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

ஃபேக்டரி திறக்கவேயில்லை. அட்டைக் கைக்கணினி அந்த மழைக்காலத்து ஈரத்தில் பூஞ்சை பிடித்து நைந்துபோக, வீட்டைக் காலி செய்யும்போது அடுப்பில் போட்டோம். பள்ளியில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு, குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு திருப்பூரில் போய் இறங்கினேன். பங்குனி வெயில். அவர் வாடகைக்குப் பிடித்திருந்த வீட்டின் சொந்தக்கார அம்மா கதவைத் திறந்ததும் குழந்தையைத்தான் பார்த்தார்.

"ஏனுங்க டீச்சர், இந்த வேக்காட்டுல புள்ளைக்கு எதுக்குங்க சுவெட்டரு? மொதல்ல கழட்டுங்க. உள்ள வாங்க, ஃபேன் போடறேன்."