பரிமளா அக்காவும் கறை படாத பட்டும்

போன செவ்வாய்க்கிழமை வந்தவாசி பஸ் ஸ்டாண்டுல நின்னுகினு இருந்தேன், ரெண்டு பெட்டி லோஷனோட. பரிமளா அக்காவோட தம்பி போன் பண்ணாரு. "அக்கா போய்ட்டாங்கப்பா. காலைல நெஞ்சு வலின்னாங்க. ஆஸ்பத்திரி வாசல்லயே முடிஞ்சிருச்சி." பெட்டி மேலயே உக்காந்துட்டேன். பஸ்ஸு வந்துச்சி, போச்சி. ஏறல.

அக்காவ தெரிஞ்ச ஆரணிக்காரங்களுக்குதான் இத எழுதறேன். அழ வெக்க இல்ல. அவங்க ஜெயிச்சிட்டு போனாங்க, அத சொல்லணும்.

பெரணமல்லூர் பக்கம் கூலி வேல செஞ்ச குடும்பம் அவங்களுது. கெமிஸ்ட்ரி படிச்சி, சென்னையில க்ரீம் கம்பெனியில இருந்துட்டு, ஆரணியில வந்து ஷெட்டு புடிச்சாங்க. நான் பார்மசி காலேஜ பாதில உட்டவன். விக்கறதுக்கு ஆளு கேட்டாங்க, போனேன். "படிப்ப உட்டவனுக்கு வாயாவது இருக்கும், வா"ன்னாங்க. முதல் நாளே சண்ட. லேபிள்ல 'வெள்ளையாக்கும்'னு போடலாம், வியாபாரம் பிச்சிக்கும்னு சொன்னேன். "போட்டின்னா உன் மூஞ்சிலயே ஒட்டுவேன்"னாங்க.

ஊருக்கே தெரிஞ்ச பிரச்சன இது. பனிக்காலத்துல தறிக்காரங்க வெரலு வறண்டு வெடிக்கும். வெடிச்ச தோல்ல பட்டு இழை மாட்டிக்கும், அறுந்துரும். எண்ணெ பூசலாம்னா பட்டுல கறை. கறை விழுந்தா, நூலு குடுத்து நெய்ய சொல்ற முதலாளி அடுத்த பொடவைக்கு பாவு குடுக்கமாட்டாரு. பாவு நூலு இல்லன்னா தறி சும்மா கெடக்கும்.

அதுக்குதான் அக்கா லிப்போசோம் லோஷன் செஞ்சாங்க. யாரு கேட்டாலும் சலிக்காம சொல்லுவாங்க: "சோயாவுல எடுக்கற கொழுப்புல பொடிப்பொடி உருண்ட. கண்ணுக்கே தெரியாது. உள்ள தண்ணியும் கிளிசரினும். நம்ம தோல்லயும் இதே மாதிரி கொழுப்பு இருக்குது, அதனால மேல்தோலோட ஒண்ணாயி ஈரத்த புடிச்சி வெக்கும். ரத்தத்துக்கெல்லாம் போவாது. பூசறத நிறுத்துனா திரும்ப வறளும். அவ்ளோதான், மந்திரம் இல்ல."

மொதல்ல எங்க தெருவுல தறி போடற தனலட்சுமி அக்காவுக்கு குடுத்தோம், தனம் அக்கான்னுதான் கூப்புடுவோம். சந்தன கலர் கல்யாண பட்டு நெய்ஞ்சிகினு இருந்தாங்க. ஒரு வாரம் கழிச்சி போனா, "உங்க தண்ணி வேலைக்கு ஆவல"ன்னு வெரல நீட்டுறாங்க. வெடிப்பு அப்படியே இருக்குது. நான் பேஜாராயிட்டேன். பரிமளா அக்கா தறிகிட்ட உக்காந்து பாத்துகினு இருந்தாங்க. தனம் அக்கா லோஷன பூசினாங்க. பூசின கையோட எழுந்து போயி சோப்பு போட்டு கழுவிட்டு வந்து தறியில உக்காந்தாங்க. பட்டு மேல அவ்ளோ பயம்.

பரிமளா அக்கா சிரிச்ச சிரிப்புல பக்கத்து தறியெல்லாம் நின்னுபோச்சி. "ஏங்க, பூசறதே கழுவறதுக்கா?"

"கறை பட்டா நீ வந்து பாவு குடுப்பியா?"

"சரி. வலது கைக்கு மட்டும் பூசுங்க, கழுவாதீங்க. இடது கைக்கு ஒண்ணும் வேணாம். ரெண்டையும் பாப்போம்."

"இந்தக் கை என்னாடி பாவம் பண்ணிச்சி?"

பரிமளா அக்கா தன்னோட வலது கையில பூசினாங்க. காய வுட்டு, நெய்ஞ்ச பட்டு மேலயே அந்த கைய அழுத்தினாங்க. கைய எடுத்தாங்க. பட்டு பட்டாவே இருந்துச்சி. அப்பறம்தான் தனம் அக்கா ஒத்துகினாங்க.

பொடவ முடிஞ்சி முதலாளி கடையில பல்பு வெளிச்சத்துல விரிச்சாரு. அக்காவும் நானும் கூட போயிருந்தோம். மொழம் மொழமா தேடறாரு. தனம் அக்கா செவுத்த புடிச்சிகினு நிக்கறாங்க. கடைசி மொழம் வரைக்கும் ஒரு பொட்டு கறை இல்ல. "இதுலயா க்ரீம் பூசின கை பட்டுச்சி?"ன்னாரு. தனம் அக்கா ரெண்டு கையையும் வெளிச்சத்துல நீட்டுனாங்க. வலது கை வழவழன்னு. இடது கை வயக்காட்டு வெடிப்பு. முதலாளி ரெண்டையும் பாத்தாரு, பாவ எடுத்து குடுத்தாரு. அப்பறம் மெதுவா தன் கைய பரிமளா அக்காகிட்ட நீட்டுனாரு. "எனக்கும் கொஞ்சம் ஊத்தும்மா."

தனம் அக்கா கத்துனாங்க: "மொதல்ல என் இடது கைக்கு!"

அந்த பனிக்காலத்துலயே எங்க தெருவுல பாதி தறிக்கு பாட்டில் போச்சி. இப்போ வந்தவாசி வரைக்கும் போவுது. அக்காவ சுடுகாட்டுக்கு எடுத்த அன்னிக்கி முதலாளி கடைய மூடிட்டு வந்தாரு. தறிக்காரங்க வந்து அக்கா கைய தொட்டு தொட்டு கும்புட்டாங்க. யாரு வெரல்லயும் வெடிப்பு இல்ல. நான் நின்னு அதத்தான் பாத்தேன். அழுதேன், ஆனா நெஞ்சு நிமுந்துதான் இருந்துச்சி.

அவங்ககிட்ட இருந்து நான் எடுத்துகினது ஒண்ணுதான். எவனாவது வந்து "இது சூப்பரா வேல செய்யுது"ன்னா, எங்க சரக்காவே இருந்தாலும், மொதல்ல கேப்பேன்: "பூசாத கை எப்படி இருக்குது, காட்டு."