கீபோர்டு முன்னால் ஒரு காலி நாற்காலி

போன வாரத்துக்கு முந்தைய ஞாயிறு ஸ்டீபன் வீட்டில் எனக்கு மதியச் சாப்பாடு. ஆவூர் பக்கம் ஒரு சின்ன ஊர். கத்தார் வேலையை மொத்தமாக முடித்துக்கொண்டு திரும்பியிருக்கும் என் கல்லூரித் தோழன். மட்டன் குழம்பு மணக்கிறது... ஆள் மட்டும் உர்ரென்று இருக்கிறான்.

"காலையில கீபோர்டு இல்லாமலே பூசை நடந்துச்சுண்ணே" என்றார் அவன் மனைவி மேரி.

"ஏம்மா, மெஷின் ரிப்பேரா?"

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. வாசிக்கத்தான் ஆளில்ல."

விஷயம் இதுதான். வெளிநாடு போகும்வரை அந்த ஊர் மாதா கோயிலில் ஸ்டீபன்தான் கீபோர்டு. அவன் போன பிறகு ஜெனிட்டா டீச்சர் கற்றுக்கொண்டு வாசித்துவந்தார். 'சீனியர் வந்துவிட்டார், அவரே வாசிக்கட்டும்' என்று டீச்சர் பாடுகிறவர்களோடு போய் நின்றுகொண்டார். 'இத்தனை வருஷம் வாசித்தவர், அவரே வாசிக்கட்டும்' என்று இவன் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டான்.

மரியாதையால் வந்த வினை!

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. காரணம், ஒரு பிரிட்டிஷ் ராக் பேண்டு. கல்லூரி நாட்களில் நானும் ஸ்டீபனும் கேசட் தேயத் தேயக் கேட்டது. புரோக்ரசிவ் ராக் என்பார்கள். ஒரு பாட்டு இருபது நிமிஷம் ஓடும். பாடகர் வாயைத் திறப்பதற்குள் ஹாஸ்டல் மெஸ்ஸில் தோசை தீர்ந்துவிடும். பேர் சொல்ல மாட்டேன் — பாதிப் பேருக்குத் தெரியாது, தெரிந்தவர்கள் சண்டைக்கு வருவார்கள்.

அந்த பேண்டில் யார் எப்போது இருப்பார்கள் என்று சொல்லவே முடியாது. பாடகர் கோபித்துக்கொண்டு போவார். கீபோர்டுக்காரர் போவார், வருவார், மறுபடி போவார். பேண்டின் பேர் யாருக்குச் சொந்தம் என்று வக்கீல் வரை போனார்கள். அங்கே இடத்துக்குச் சண்டை. இங்கே விட்டுக்கொடுப்பதில் போட்டி. இரண்டிலும் பாட்டுதானே நின்றுபோகிறது?

"ஒனக்கு வாசிக்க ஆசையா இல்லையாடா?" என்றேன்.

தட்டில் சோற்றைப் பிசைந்தான். "ஆசைதான்டா. அங்க ரூம்ல ஹெட்போன் மாட்டிக்கிட்டு வாசிக்கிறப்பல்லாம் நம்ம கோயில் நெனப்புதான். ஆனா நான் போயி ஒக்காந்தா டீச்சர் எந்திரிச்சிருவாங்க. அது நல்லாவா இருக்கும்?"

பாவமாக இருந்தது.

"நம்ம பேண்டுல ஒரு தடவை பழைய ஆளு, புது ஆளு, ரெண்டு கீபோர்டுக்காரரையும் ஒரே மேடையில ஏத்துனாங்களே... மறந்துட்டியா?"

"அது சகிக்கலைன்னு நீதானடா சொன்ன?"

"அவங்க ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கல. நீங்க அப்படியா?"

மேரி அதற்குள் டீச்சருக்கு போன் போட்டுவிட்டார். "டீச்சர், அடுத்த வாரம் இவரு தன்னோட கீபோர்டையும் எடுத்துக்கிட்டு வாராரு. நீங்க எந்திரிக்கக் கூடாது, ஆமா."

போன ஞாயிறு நானும் பூசைக்குப் போய் நின்றேன். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீபோர்டு. டீச்சர் பாட்டை வாசிக்க, ஸ்டீபன் தன் கீபோர்டில் வயலின் ஒலியும் புல்லாங்குழல் ஒலியுமாகக் கூடவே போனான். அவன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பைப் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று!

காணிக்கைப் பாட்டு மட்டும் முடியவே இல்லை. பாடியவர்கள் நிறுத்திவிட்டார்கள். ஃபாதர் பீடத்தில் காத்துக்கொண்டே இருக்கிறார். இவர்கள் இருவரும் வாசித்துக்கொண்டே இருக்கிறார்கள்... டீச்சர் முடிக்கட்டும் என்று ஸ்டீபன், ஸ்டீபன் முடிக்கட்டும் என்று டீச்சர்.

இருபது நிமிஷப் பாட்டு எப்படி உருவாகிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.