குருத்து மேலே, வேர் கீழே

எண்ணெய் எடுக்கிற செம்பனையின் விதை எங்கள் நாற்றுப் பண்ணைக்கு முளைவிட்டுத்தான் வரும். ஒரே இடத்திலிருந்து இரண்டு முளை நீட்டிக்கொண்டிருக்கும். வெளுத்துக் கூர்மையாக இருப்பது குருத்து. பழுப்பாக, முனை மொட்டையாக இருப்பது வேர். குருத்து மேலே இருக்கும்படி பையிலுள்ள மண்ணில் ஊன்ற வேண்டும், அவ்வளவுதான். தலைகீழாக வைத்தால் செடி வளைந்து சுருண்டு வெளியே வரும். பிடுங்கி எறிய வேண்டியதுதான்.

பதினெட்டு வருஷமாக இதைச் செய்தேன். போன வருஷம் இரண்டு முளையும் எனக்கு ஒரே மாதிரி தெரிய ஆரம்பித்தன. சுங்கைப் பட்டாணி டவுனில் கண்ணாடி வாங்கினேன். வியர்வையில் மூக்கை விட்டு வழுக்கியது. கைப்பைக்குள் போட்டுவிட்டேன், யாரிடமும் சொல்லவில்லை. பண்ணையில் உட்கார்ந்து செய்கிற வேலை இது ஒன்றுதான். கண் மங்கிவிட்டது என்று தெரிந்தால் பெரிய மரங்கள் நிற்கிற காட்டுக்கு, குனிந்து உதிரிப் பழம் பொறுக்க அனுப்பிவிடுவார்கள். என் முழங்காலுக்கு அது ஆகாது.

அந்தச் சமயத்தில் பண்டார் பாருவிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்தாள். ஒவ்வொரு விதையையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். நான் மூன்று வைப்பதற்குள் ஒன்று வைப்பாள்.

“என்னா புள்ள, மாப்பிள்ளையா பாக்குற? சட்டுனு வையிலா,” என்பேன். சிரிப்பாள். வேகம் மட்டும் கூடாது.

யார் வைத்தது என்று தெரிவதற்காக வரிசைத் தலைப்பில் ஒரு குச்சி நட்டு ராஃபியா கயிறு கட்டுவோம். எனக்குச் சிவப்பு, அவளுக்கு நீலம்.

நாலைந்து வாரம் கழித்து, வேலையை மேற்பார்க்கிற மண்டோர் வந்து கத்தினார். “ரெண்டு வரிச பூரா கோணலா வந்திருக்கு. நாளைக்கு வந்து கயிறப் பாப்பேன். யாரு வச்சதோ அவங்க காட்டுக்கு!”

நான்தான் முந்திக்கொண்டேன். “புதுசா வந்தவங்க வேலையா இருக்கும்ணே. ஆடத் தெரியாதவ தெரு கோணல்னாளாம். இனிமே மண்ணு சரியில்லன்னு சொல்லுவாங்க, பாருங்க.”

அவள் காதில் விழட்டும் என்றுதான் சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மறுநாள் காலைப் பெரட்டில் வரிசையாக நின்று பேர் கொடுப்பதற்கு முன்பே பண்ணைக்குப் போனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். கோணல் வரிசை இரண்டிலும் சிவப்புக் கயிறு. நீலக் கயிற்று வரிசைகளில் செடி நேராக நின்றது. சீ, என்ன வாய் எனக்கு!

வெட்கமாக இருந்தது. ஆனால் பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. கயிற்றை மாற்றிக் கட்டிவிடலாம் என்று குனிந்தேன். கண்ணாடி நழுவிச் சேற்றில் விழுந்தது. முடிச்சு தெரியவில்லை. நகத்தால் பிராண்டிக்கொண்டிருந்தேன்.

“முடிச்சு தெரியலையாக்கா? தள்ளுங்க, நான் அவுக்குறேன்.”

அந்தப் பெண்தான். பக்கத்தில் குந்தி, ஒரு நொடியில் அவிழ்த்தாள். சிவப்புக் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வரிசையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“இத எங்க கட்டணும்க்கா?”

குரலில் கோபமே இல்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

“அதுலயே கட்டிடும்மா,” என்றேன். “என்னோடதுதான்.”

கட்டினாள். மண்டோர் வருவதற்குள் என் கண்ணாடியைக் கழுவித் துடைத்துக் கொடுத்தாள்.

இப்போது காட்டில்தான் இருக்கிறேன். உதிரிப் பழம் நல்ல சிவப்பு, கண்ணாடி இல்லாமலே தெரிகிறது. முழங்கால்தான் ஒத்துக்கொள்ளவில்லை.