சோபாவுக்குக் காற்று வேண்டும்

நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது சித்தி இரண்டு பெட்டிகளோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். சித்தப்பா அவளோடு வரவில்லை. கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போவாள் என்று அம்மா சொன்னாள். அந்தக் கொஞ்ச நாளுக்குள் காலாண்டுப் பரீட்சை முடிந்தது, ஐப்பசி மழையும் பிடித்துக்கொண்டது. சித்தி போகவில்லை.

அதே சமயத்தில்தான் எங்கள் வீட்டுக்கு ஆட்கள் வருவதும் நின்றுபோனது. வடசேரிச் சந்தைக்குப் போகிற வழியில் உள்ளே வந்து காப்பி குடித்துவிட்டுப் போகிற பெண்கள்கூட இப்போது கேட்டிலேயே நின்று அம்மாவிடம் பேசிவிட்டு நகர்ந்தார்கள். அம்மாவும் உள்ளே கூப்பிடுவதில்லை. முன்கதவு சாத்தியே கிடந்தது.

காரணத்தை நான் கண்டுபிடித்துவிட்டேன். எல்லாம் ஹாலில் கிடந்த சோபாவால் வந்த வினை. துணி கிழிந்து ஸ்பாஞ்சு வெளியே தள்ளியிருந்தது. மழை தொடங்கியதும் மரக்கால்களில் வெள்ளைப் பூசணம் படர்ந்தது. ஹால் முழுக்க நனைந்த சாக்கு நாற்றம். அந்த வீட்டுக்குள் யார் வருவார்கள்?

சித்தியிடம் சொன்னேன். "இந்த நாறச் சோபாவாலதான் சித்தி, நம்ம வீட்டுக்கு ஒருத்தரும் வரமாட்டேங்காவ."

சித்தி என்னைப் பார்த்தாள், சோபாவைப் பார்த்தாள். வந்த நாளிலிருந்து அன்றுதான் அவள் சிரித்து நான் பார்த்தேன்.

"அப்படியா சங்கதி? அப்ப இத ஒரு கை பாத்திருவோம் மக்கா."

செலவு மட்டும் வைக்கக் கூடாது என்றாள் அம்மா.

முதலில் போனில் வீடியோ பார்த்தோம். மழையே பார்த்திராதது போலிருந்த ஒரு வீட்டில் ஒரு பெண் வினிகரால் சகலத்தையும் துடைத்துக் காட்டினாள். தண்ணீர் கலக்க வேண்டும் என்று அவள் சொன்னதை நாங்கள் கவனிக்கவில்லை. பூசணம் போனது, கூடவே ஒரு காலின் பாலீஷும் போனது. சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்த அப்பா வாசலிலேயே மூக்கைச் சுருக்கி, "மாங்கா ஊறுகா போட்டியளாக்கும்?" என்று கேட்டார். அந்த வாரம் முழுக்க ஊறுகாய்ப் பரணிக்குள் குடியிருந்த மாதிரிதான் இருந்தது.

"நம்ம ஊரு மழைக்கு நம்ம ஊருலதான் கேக்கணும்," என்றாள் சித்தி. ஆனால் அவள் வெளியே இறங்குவதில்லை. ஆகவே கேட்கிற வேலை எனக்கு வந்தது. பெரிய பதவி கிடைத்த மிதப்பில் தெரு முழுக்கச் சுற்றினேன். கட்டிலில் பூசணம் பிடித்தால் உங்கள் வீட்டில் என்ன செய்வீர்கள்? பிரம்பு நாற்காலி தொய்ந்தால்? மேஜையில் சூடான டம்ளர் வைத்த வெள்ளை வட்டம் எப்படிப் போகும்? ஒவ்வொரு வீட்டிலும் உற்சாகமாகப் பதில் சொன்னார்கள். பதிலோடு சேர்த்து ஒரு கேள்வியும் கொடுத்து அனுப்பினார்கள். இரண்டையும் சிந்தாமல் சிதறாமல் கொண்டுவந்து ஒப்படைத்தேன்.

"எதுத்த வீட்டு மாமி, பிரம்பு நாற்காலிய நல்லா நனச்சு வெயில்ல காயப் போட்டா இறுகிக்கிடும்னு சொன்னாவ. பெறவு, நீங்க எப்ப போவியன்னு கேட்டாவ."

அம்மா அடுக்களையிலிருந்து என் பெயரைச் சொல்லி அதட்டினாள். எதற்கென்று எனக்கு விளங்கவில்லை.

சித்தி எழுந்து சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். பிறகு, "மொதல்ல நாற்காலிய நனைப்போம்," என்றாள்.

மழை விட்ட நாட்களில் வேலை நடந்தது. நாற்காலிகள் மொட்டைமாடியில் காய்ந்து இறுகின. வெள்ளை வட்டம் தேங்காய் எண்ணெய்க்குக் கட்டுப்பட்டது. பூசணத்தை முதலில் உலர்ந்த துணியால் வழித்து, பிறகு தண்ணீர் கலந்த வினிகரால் லேசாகத் துடைத்தோம். அம்மாவின் பழைய சுங்குடிச் சேலைகளை அவளிடம் கெஞ்சி வாங்கி, சித்தி தையல் மிஷினில் சோபாவுக்கு உறை தைத்தாள். மிச்சத்தில் ஜன்னலுக்குத் திரை. எல்லாம் முடிந்ததும் சோபாவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டு, முன்கதவை விரியத் திறந்து வைத்தாள்.

அம்மா ஓடி வந்தாள். "ஏட்டி, கதவச் சாத்து. போறவிய வாறவிய எல்லாம் பாக்காவ."

"பாக்கட்டும்க்கா. காத்து வரலேன்னா திரும்பவும் பூசணம் பூத்திரும்."

அம்மா சாத்தினாள். சித்தி திறந்தாள். அம்மா மறுபடி சாத்தப் போய், என்ன நினைத்தாளோ, கையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்று முதல் கதவு திறந்தே இருந்தது.

எதிர்வீட்டு மாமிதான் முதலில் மாட்டினாள். அவள் மகளுக்கு அடுத்த வாரம் நிச்சயதாம்பூலம். மாப்பிள்ளை வீட்டார் வீட்டுக்கே வருகிறார்கள். அவள் ஹாலிலும் பூசணம், திண்டுகளில் காப்பிக் கறை. கேட்டில் நின்று பேசிக்கொண்டிருந்தவள் கழுத்தை நீட்டி உள்ளே பார்த்தாள். அப்புறம் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே ஹாலுக்கு வந்து, சோபா உறையைத் தடவிப் பார்த்தாள்.

"இது அந்தப் பழைய சோபாவா? கொள்ளாமே!" என்று மெச்சியவள், சித்தி பக்கம் திரும்பினாள். எப்போது போவாய் என்று கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். "எங்க வீட்டயும் வந்து ஒண்ணு பாத்துச் சொல்லுதியா மக்ளே?" என்றாள்.

சித்தி போனாள். ரோட்டைத் தாண்டினால் எதிர்வீடு, அவ்வளவுதான். மறுநாளும் போனாள். கறை போனது, கட்டில் இடம் மாறியது, மாமியின் பழைய பட்டுக்கரைகள் திண்டு உறைகளில் ஏறின. நான் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தேன்.

நிச்சயத்தன்று காலையில் கடைசித் திரையையும் மாட்டிவிட்டு, ஆட்கள் வருவதற்குள் சித்தி வீட்டுக்குக் கிளம்பினாள். மாமி வழியை மறித்தாள்.

"எங்க போற? நல்ல சேலையா உடுத்துட்டு வா. வாசல்ல நின்னு சந்தனம் குங்குமம் நீதான் குடுக்கணும்."

மாமியின் சொந்தக்காரப் பெண் ஒருத்தி அவசரமாக வந்து மாமி காதில் ஏதோ சொன்னாள். மாமி பதிலை மட்டும் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "எங்க வீட்டு வாசல்ல யாரு நிக்கணும்னு எனக்குத் தெரியும்."

சித்தி மாம்பழ நிறப் பட்டு உடுத்து வந்து நின்றாள். மாப்பிள்ளை வீட்டார் அவள் நீட்டிய தட்டிலிருந்து சந்தனம் தொட்டு, குங்குமம் வைத்துக்கொண்டு உள்ளே போனார்கள். ஹாலில் உட்கார்ந்ததும் மாப்பிள்ளையின் அம்மா திண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது எந்தக் கடை என்று விசாரித்தாள். கடையா, வாசலில் நிற்கிற எங்கள் பிள்ளை செய்தது என்று மாமி சித்தியைக் கையோடு இழுத்து வந்து நடுவில் நிறுத்தினாள். அதன்பிறகு கேட்க வேண்டுமா! தாம்பூலத் தட்டு மாற்றிய கையோடு பெண்கள் சித்தியைச் சூழ்ந்துகொண்டார்கள். பீரோவில் பாச்சை வருகிறது, ரெக்ஸின் ஒட்டுகிறது, திரையில் கரும்புள்ளி விழுகிறது என்று ஆளுக்கொரு நோய் சொன்னார்கள். சித்தி எல்லாவற்றுக்கும் வைத்தியம் சொன்னாள். வினிகரில் தண்ணீர் கலக்க வேண்டும் என்பதை நானே இடையில் புகுந்து உரக்க அறிவித்தேன்.

எனக்குத் தலைகால் புரியாத பெருமை. வீட்டை அழகாக்கியதற்குச் சித்திக்குக் கிடைத்த பரிசுதான் அந்தச் சந்தனத் தட்டு என்று நம்பினேன். பள்ளிக்கூடத்தில் முதலாவதாக வந்தால் சோப்பு டப்பா கொடுப்பார்களே, அதைப் போல.

நிச்சயத்துக்கு வந்திருந்த அம்மாவும் சித்தியும் நானும் சாப்பாடு முடிந்து புறப்பட்டோம். அம்மா சித்தியின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினாள். ஒரு வண்டிகூட வரவில்லை. எதிரே தெரிகிற வீட்டுக்கு, அவ்வளவு பெரிய ஆளை, அம்மா எதற்காகக் கைப்பிடித்துக் கூட்டிவருகிறாள் என்று எனக்கு அன்று புரியவே இல்லை.