மடி பார்க்கும் ஞானதீபம்

"கொண்டையை அவிழு. மடியை உதறு. ம், போ."

காலைச் சங்கு ஊதியதும் ஞானதீபத்தின் வாயிலிருந்து வருகிற பேச்சு இவ்வளவுதான். சாத்தூருக்கு மேற்கே ஒரு பட்டாசுக் கம்பெனியின் வாசலில், வேலைக்கு வரும் பெண்களைத் தடவிப் பார்த்து உள்ளே அனுப்புவது அவள் உத்தியோகம். ஒரு தீக்குச்சியோ, உரசினால் பொறி கிளப்பும் கொண்டை ஊசியோ தப்பி உள்ளே போய்விட்டால் போச்சு, வெடிமருந்து அறை கூரையோடு பறந்துவிடும். அதனால் அவள் பெற்ற தாயையும் நம்புவதில்லை. சோறு கொண்டுவந்த பாக்கியவதியம்மாளை நிறுத்தி வைத்து, தூக்குச்சட்டியைக் கரண்டியால் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினாள். "நீ என் வயித்துல பொறந்தவதானா?" என்று கேட்டுவிட்டுப் போனது அந்தக் கிழவி.

அந்தப் புத்தி கம்பெனி வாசலோடு நின்றாலாவது பரவாயில்லை. பால்காரர் செம்பில் விரலை விட்டுப் பார்ப்பாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எல்லோரும் கண்மூடி ஜெபிக்கும்போது இவளுக்கு மட்டும் ஒரு கண் திறந்தே இருக்கும். "ஆண்டவர் நம்மளப் பாக்குறாரு, சரி. வெளியே கெடக்க செருப்பை யாரு பாக்குறது?" என்பாள். என்னத்தைச் சொல்ல!

அந்த ஐப்பசியில் வைப்பாறு கரையை மீறி ஊருக்குள் வந்துவிட்டது. தெருவெல்லாம் இடுப்பளவு தண்ணீர். கட்டில் மிதக்கிறது, கோழிக்கூடு மிதக்கிறது, கூட்டுக்குள் கோழி கத்திக்கொண்டே போகிறது. ஜனங்கள் மேட்டில் இருந்த மிஷன் பள்ளிக்கூடத்துக்கு ஏறினார்கள். யாரும் சொல்லாமலே ஞானதீபம் வாசற்படியில் போய் நின்றுகொண்டாள். தீபாவளிச் சீசன். வீட்டில் ஒளித்து வைத்து மருந்து இடிக்கிறவர்கள், வெள்ளம் வந்தால் எதை அணைத்துக்கொண்டு ஓடிவருவார்கள் என்று அவளுக்குத் தெரியாதா? உள்ளேயோ அடுப்பு மூட்டிக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. சுற்றிலும் கைக்குழந்தைகள்.

"உசுரைப் பிடிச்சிக்கிட்டு வாரோம், இங்கனயும் சோதனையா?" என்று வண்டிக்கார ஒச்சப்பன் கத்தினார்.

"அந்த உசுருக்குத்தான் பாக்கேன். மடியில இருக்க தீப்பெட்டியை எடுங்க."

முணுமுணுத்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார்.

கடைசியாக வந்தவள் சண்முகத்தாய். ஆற்றங்கரைத் தோப்பில் தனியாகக் குடியிருந்த விவசாயி வீட்டுக்காரி. தெருக்காரர்களுக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. நனைந்த சேலையை முக்காடாக இழுத்துவிட்டிருந்தாள். நெஞ்சோடு ஒரு தகர டப்பா, வாயில் துணி போட்டு இறுகக் கட்டியது.

"என்னக்கா டப்பாவுல?"

"அரிசி, தாயி."

"அரிசின்னா கஞ்சியில போடுங்க. அம்புட்டுப் பேரும் பசியில கெடக்கோம்."

சண்முகத்தாய் டப்பாவை இன்னும் இறுக்கி அணைத்து, ஞானதீபம் கை நீட்டுமுன் நழுவினாள். விறுவிறுவென்று உள்ளே போய், அடுப்புக்கு வெகுதூரத்தில், பின்வாசல் ஓரமாகச் சுருண்டு உட்கார்ந்தாள். தவழ்ந்து வந்த ஒரு குழந்தையை, "இங்கன வராத கண்ணு, தள்ளிப் போ" என்று விரட்டினாள். கஞ்சி வாங்கவும் அடுப்புப் பக்கம் வரவில்லை.

ஞானதீபத்துக்கு வேறென்ன வேண்டும்? நெருப்பைக் கண்டு ஒதுங்குகிறாள், பிள்ளையை அண்டவிடவில்லை. மருந்தேதான்! பாய்ந்து போய் டப்பாவைப் பிடுங்கினாள், கட்டை அவிழ்த்தாள். உள்ளே சாம்பல் நிறத்தில் பொடி.

"அடுப்பை அணைங்க!" என்று அலறிக்கொண்டே, டப்பாவோடு பின்வாசல் வழியாக வெள்ளத்தில் வீசி எறிந்தாள். அது ஒருமுறை உருண்டு, பொடி கலைந்து, இழுப்பில் போயே போய்விட்டது.

சண்முகத்தாய் ஏசவில்லை, அழவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"அது மருந்தில்ல தாயி. எங்க வீட்டுக்காரரு."

அடுப்பை அணைக்க ஓடிய பெண்கள் திரும்பி வந்து சூழ்ந்துகொண்டார்கள்.

"எரிச்ச சாம்பல். வீட்டுக்குள்ள வைக்கக் கூடாதுன்னு மரத்துல கட்டித் தொங்கவிட்டிருந்தேன். தண்ணி வந்து மரத்தைச் சாச்சிருச்சு. மகன் கொழும்புல இருக்கான். அவன் வந்து ராமேஸ்வரத்துல கரைக்கட்டும்னு காத்துக்கிட்டு இருந்தேன். சாவுச் சாம்பல்னு சொன்னா உள்ள விடுவீகளா? நம்ம தீட்டு பச்சப்பிள்ளைகளுக்கு ஒட்ட வேண்டாம்னுதான் ஒதுங்கி உக்காந்தேன்."

ஞானதீபத்தின் வீட்டில் செத்தவர்களெல்லாம் கல்லறைத் தோட்டத்தில் கிடக்கிறார்கள். எரித்த சாம்பலை அவள் எங்கே கண்டாள்? இருந்தும், பாழாய்ப்போன மனசு அப்போதும், இவள் சொல்வது மெய்தானா என்று ஒரு கேள்வி கேட்டது. முக்காடு நழுவியிருந்தது. தாலியில்லாத வெறுங்கழுத்து. தாலி கிடந்த தடம்கூட இன்னும் மாறவில்லை.

"பாவி நானு… தெரியாமப் போச்சே அக்கா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் ஞானதீபம்.

சண்முகத்தாய் எழுந்து பின்படியில் இறங்கினாள். "மகன் வந்து கேட்டா என்னத்தைச் சொல்லுவேன்? நானாவது ஒரு முழுக்குப் போடுதேன்" என்றாள். தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது. பின்னாலிருந்து, "இழுத்துட்டுப் போயிரும், பிடிங்க, பிடிங்க" என்று ஒச்சப்பன் கூப்பாடு போட்டார்.

ஞானதீபம் தடதடவென்று இடுப்பளவு தண்ணீரில் இறங்கினாள். சண்முகத்தாயின் முந்தானையைத் தன் மணிக்கட்டில் சுற்றி, மறுகையால் பின்வாசல் தூணைக் கட்டிக்கொண்டாள்.

"முங்குங்கக்கா. நான் பிடிச்சிருக்கேன்."