ஊதுவத்தியும் கடல் காற்றும்

கள்ளிக்குப்பத்திலிருந்து சைக்கிளில் வந்து, அம்பத்தூரில் கட்டட மாடல் செய்யும் பட்டறையில் வேலை பார்த்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பத்தாவது வரை படித்த பெண் நான். பிளேடு பிடித்தால் கை நடுங்காது. நாலு பேர் முன்னால் பேசத்தான் நடுக்கம். ஆர்க்கிடெக்ட் பிளான் கொடுத்தால், தெர்மகோலிலும் அக்ரிலிக்கிலும் அந்தக் கட்டடத்தைச் சின்னதாகச் செய்து தருவோம்.

ஒருநாள் சுகந்தி மேடம் என்ற ஆர்க்கிடெக்ட் வந்தார். சென்னைக்குத் தெற்கே, கடலோரத்தில் ஓர் ஆபீஸ் வளாகம். இரண்டு பிளாக், நடுவே திறந்த சந்து, பின்னால் முற்றம். கடல் காற்று சந்து வழியாக முற்றத்துக்கு வரும் என்பது அவர் எண்ணம். இடத்தின் சொந்தக்காரருக்குச் சந்து பிடிக்கவில்லை. அதையும் கண்ணாடியால் மூடி ஒரே கட்டடமாக்கச் சொன்னார்.

"காத்து உள்ள வருதுன்னு மாடல்ல காட்டு, அப்புறம் பார்க்கலாம்கிறார். காட்டலேன்னா இந்த டிசைன் அவ்ளோதான்" என்றார் மேடம்.

முதலாளி ஏழுமலை தலையைச் சொறிந்தார். "இன்னாமா இது, காத்த எப்டி வெட்டி ஒட்றது?"

எனக்கும் அதே யோசனைதான். சாமி படத்துக்கு முன்னால் ஊதுவத்தி புகைந்துகொண்டிருந்தது. எடுத்துவந்து மாடலின் கடல் பக்கம் செருகி, பின்னால் டேபிள் ஃபேனை வைத்தேன். புகை நேராகச் சந்துக்குள் போய் முற்றத்தில் சுழன்றது.

"சூப்பரா போவுது பாரு!" என்றார் முதலாளி.

மேடம் சிரித்தவர், சட்டென்று நிறுத்தினார். "ஃபேனை ஏன் அங்க வெச்சீங்க?"

"கடலு அங்கதான மேடம் கீது?" என்றார் முதலாளி.

கடல் கிழக்கே இருந்தால் காற்றும் நேர் கிழக்கிலிருந்துதான் வரும் என்று வைத்துவிட்டோம். அம்பத்தூருக்குக் கடல் காற்று வந்து சேரும்போது பொழுது சாய்ந்துவிடும். வந்தால் போதும் என்றிருப்போம்; திசை பார்த்ததில்லை. மேடமும் பிளானில் அம்புக்குறியை அப்படித்தான் போட்டிருந்தார்.

மறுநாள் மூவரும் அவர் காரில் அந்த இடத்துக்குப் போனோம். சவுக்குக் கம்பு நட்டு, பாலிதீன் கிழிசல் ஒன்றைக் கட்டினோம். காற்று எழுந்தபோது கிழக்கிலிருந்து அடித்தது. மதியத்துக்கு மேல் திசை மாறி, தென்கிழக்கிலிருந்தே அடித்துக்கொண்டிருந்தது.

"இன்னா மேடம், கோணிக்கினு அடிக்குது?" என்று கேட்டார் முதலாளி.

"அதைத்தான் பார்க்க வந்தோம்" என்றார் மேடம்.

பட்டறைக்குத் திரும்பி ஃபேனைத் தென்கிழக்கில் வைத்தோம். புகை சுவரில் மோதி வெளியே ஓடியது. மேடம் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். இடத்தின் சொந்தக்காரர் சரி சொல்லும்வரை நாங்கள் பிளாக்குகளை ஒட்டுவதில்லை, குண்டூசி குத்தித்தான் வைப்போம். ஊசியை உருவி ஒரு பிளாக்கைக் கொஞ்சம் திருப்பினேன். மேடம் எழுந்து வந்து மற்றதைத் திருப்பினார். புகை தயங்கியது. இன்னும் கொஞ்சம் திருப்பினோம். உள்ளே நுழைந்தது.

சொந்தக்காரர் வந்தார். "என்னம்மா, கட்டடம் கோணலா நிக்குது?" மேடம் விளக்க ஆரம்பித்தார். சொந்தக்காரர் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. இந்தச் சந்து வேணுமா?"

ஊதுவத்தியை ஏற்றி ஃபேனைப் போட்டேன். புகை முற்றத்துக்குள் போனது. சந்தை மூடிக் காட்டத் தனியாக வெட்டியிருந்த அக்ரிலிக் துண்டை வைத்தேன். முற்றத்தில் புகையே இல்லை. அவர் குனிந்து, துண்டைத் தானே எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார்.

"போகுதுய்யா!" என்று சொல்லி, துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இது இனிமே வேணாம். கோணலாவே கட்டுங்க."

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது: அளவைப் பிளானில் பாருங்கள். காற்றையும் வெயிலையும் அந்த மண்ணில் போய் நின்று பாருங்கள்.